கிறிஸ்தவர்கள் லேவியராகமப் பண்டிகைகளை ஆசரிக்க வேண்டுமா?

கிறிஸ்துமஸும் ஈஸ்டரும் புறஜாதிப் பண்டிகைகள், லேவியராகமம் 23இல் இஸ்ரவேலருக்குக் கொடுக்கப்பட்ட பஸ்கா, கூடாரப் பண்டிகை போன்றவற்றைத்தான் ஆசரிக்க வேண்டும் என்று நண்பர்கள் வற்புறுத்துவதாகக் கேட்டிருக்கிறீர்கள். இந்நேரம் உங்கள் வீட்டிலும் இது சண்டையாகியிருக்கும் என்று நினைக்கிறேன். எங்கள் வீட்டில் ஆனது.

விருப்பமிருந்தால் ஆசரிக்கலாம். ஆசரிக்காதவர்களைக் குற்றவாளியாக்கக் கூடாது. என் பதில் இவ்வளவுதான். நான் இறையியல் கல்லூரியில் படித்தவள் அல்ல. தூத்துக்குடிப் பக்கம் ஒரு சபையில் நெடுங்காலமாக ஓய்வுநாள் பள்ளி நடத்துகிறவள். 'வேதம் தெரியாமல் பேசுகிறாள்' என்று எழுத வருகிறவர்கள் கடைசிவரை வாசித்துவிட்டு எழுதுங்கள்.

என் தம்பி சென்னையில் இப்படி ஒரு ஐக்கியத்தில் சேர்ந்தான். அந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஊருக்கு வந்தவன், அம்மா முந்திரிக்கொத்துத் தட்டை நீட்டியபோது பிள்ளைகளை எடுக்க விடவில்லை. டிசம்பர் 25 சூரிய தேவனுடைய நாளாம், அதற்காகச் செய்த பலகாரம் தீட்டாம். பாசிப்பயறு வறுத்து, பாகு காய்ச்சி, உருட்டி, மாவில் தோய்த்துப் பொரித்து எடுத்த அம்மா ஒரு வார்த்தை பேசாமல் தட்டை அடுப்படிக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சின்னவன் மட்டும் பின்னாலேயே போய் நின்றான். அம்மா அவனுக்கும் கொடுக்கவில்லை. "உங்கப்பா சொன்னா குடுக்கேன்" என்றார்கள்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. ஆனால் சரியாகப் பதில் சொல்ல வேண்டுமே. ரோமப் பேரரசன் அவுரேலியன் 274இல் சூரிய தேவனுக்குக் கோயில் கட்டியது உண்மை. ஆனால் கிறிஸ்துமஸ் அதிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. மார்ச் 25இல் மரியாள் கர்ப்பந்தரித்தாள் என்று வைத்து, அதிலிருந்து ஒன்பது மாதம் எண்ணிய கணக்கு என்றும் அறிஞர்கள் சொல்கிறார்கள். தீராத விவாதத்தை வைத்துப் பெற்ற தாயின் கையைத் தட்டிவிடலாமா?

தம்பி கொலோசெயர் 2:16ஐ எடுத்தான். பண்டிகை நாளைக் குறித்து ஒருவனும் உங்களைக் குற்றப்படுத்தக் கூடாது என்று பவுல் எழுதியது, ஆசரிக்கிறவர்களைப் பாதுகாக்கத்தான் என்றான். சரி, அப்படியே இருக்கட்டும். ரோமர் 14இல் ஒருவன் ஒரு நாளை விசேஷமாக எண்ணுகிறான், வேறொருவன் எல்லா நாட்களையும் சரியாக எண்ணுகிறான், அவனவன் தன் மனதில் நிச்சயமாயிருக்கட்டும் என்றும் அதே பவுல்தானே எழுதினார்? அதற்கு அவன் பேசவில்லை.

அப்புறம் ஒன்று கேட்டேன். 'வேருக்குத் திரும்பு' என்கிறாயே, அம்மா ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் ஒரு பிடி அரிசியைக் காணிக்கைக்காகத் தனி டப்பாவில் போடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன்தானே நீ? தோட்டத்தில் முதல் வாழைத்தார் சபையின் அறுப்பின் பண்டிகைக்குத்தான் போகும், வீட்டில் யாரும் தொட மாட்டோம். அந்த ஆராதனையில் வாசிப்பது உபாகமம் 26. முதற்பலனைக் கூடையில் வைத்து ஆசாரியனிடம் கொடுத்து, எகிப்தில் பட்ட பாட்டையும் விடுதலையையும் வாயால் சொல்ல வேண்டும் என்கிற பகுதி. அம்மா அதைத்தான் செய்கிறார்கள். யூதர்கள் ஊதும் ஆட்டுக்கொம்பான ஷோபாரை வாங்கி ஊதினால்தான் வேரா?

அதற்காக இந்தப் பண்டிகைகளைத் தெரிந்துகொள்ள வேண்டாம் என்று சொல்லவே மாட்டேன். தெரியாமல் யோவான் சுவிசேஷத்தைப் பாதிதான் வாசிக்க முடியும். கூடாரப் பண்டிகையில் தினமும் சீலோவாம் குளத்திலிருந்து தண்ணீர் மொண்டு வந்து பலிபீடத்தில் ஊற்றுவார்கள். அந்தப் பண்டிகையின் கடைசி நாளில்தான் இயேசு எழுந்து நின்று, தாகமாயிருக்கிறவன் என்னிடத்தில் வரட்டும் என்று சத்தமிட்டார். இரவில் ஆலயத்தின் ஸ்திரீகள் பிராகாரத்தில் பெரிய விளக்குத் தண்டுகளை ஏற்றுவார்கள். அடுத்த அதிகாரத்தில் 'நானே உலகத்தின் ஒளி'. இதைச் சொல்லிக்கொடுத்த அன்று வகுப்பில் பிள்ளைகள் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

இங்கே ஒரு ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். இதை நடத்த ஒரு எருசலேம் படமும் பாலஸ்தீன வரைபடமும் கேட்டேன். சபையை நிர்வகிக்கிற சேகர கமிட்டி 'அடுத்த கூட்டத்தில் பார்ப்போம்' என்றே தள்ளுகிறது. மேடைக்கு எல்இடி திரை மட்டும் உடனே வந்துவிட்டது. பிள்ளைகளுக்கு ஆக்‌ஷன் பாட்டு போதும் என்று விட்டுவிட்டு, பெரியவர்களானதும் யூடியூபில் கேட்டதை நம்பிப் போகிறார்கள் என்று புலம்புகிறோம். என் தம்பிக்கு இதெல்லாம் சொந்த சபையிலேயே கிடைத்திருந்தால் வெளியே தேடிப் போயிருக்க மாட்டான்.

வேர் என்று பேசுகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கி.பி. 70இல் ஆலயம் இடிந்தபின் யூதர்களே லேவியராகமம் 23ஐ எழுத்துப்படி ஆசரிக்க வழியில்லை. இன்றைய பஸ்கா இரவு உணவின் முறையைப் பெரும்பாலும் அதற்குப் பின் வந்த ரபிமார் என்னும் யூத போதகர்கள்தான் உருவாக்கினார்கள். அதை அப்படியே நடத்தி, 'கடைசி இராப்போஜனத்தில் இயேசு செய்தது இதுதான்' என்று சொல்வது சரியல்ல. கிறிஸ்தவத் திருச்சபை யூதருக்குச் செய்ததையும் மறைக்கக் கூடாது. 386, 387இல் அந்தியோகியாவில், யூதப் பண்டிகைகளுக்குப் போன கிறிஸ்தவர்களைத் தடுக்க அங்கே குருவாயிருந்த யோவான் கிறிசோஸ்தோம் பேசிய பிரசங்கங்களில் யூதர்மேல் அவ்வளவு விஷம். பின்னால் வந்தவர்கள் அதை ஆயுதமாக எடுத்துக்கொண்டார்கள்.

தம்பியிடம் கடைசியாகச் சொன்னது ஆதித் திருச்சபையில் சிமிர்னா பட்டணத்தின் ஆயராயிருந்த பொலிகார்ப் பற்றி. கி.பி. 155 வாக்கில் சிமிர்னாவிலிருந்து ரோமுக்குப் போனார். யூத நாட்காட்டிப்படி நிசான் மாதம் பதினான்காம் தேதியில் பஸ்கா ஆசரிக்கிறவர் அவர். ரோம ஆயர் அனிசேத்துஸுக்கு அந்த வழக்கம் இல்லை. பேசிப் பார்த்தார்கள், ஒருவரும் மாறவில்லை. ஆனாலும் ஒன்றாக நற்கருணை எடுத்தார்கள். அனிசேத்துஸ் அதை நடத்தும் மரியாதையைப் பொலிகார்ப்புக்கே கொடுத்தார். சமாதானமாகப் பிரிந்தார்கள்.

தம்பி இன்றும் கூடாரப் பண்டிகைக்கு மொட்டைமாடியில் ஓலைப் பந்தல் போடுகிறான். நானும் போய் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வருவேன். கிறிஸ்துமஸுக்கு அவன் ஊருக்கு வருவான், ஆராதனைக்கு வர மாட்டான். பிள்ளைகள் பலகாரம் சாப்பிடலாம் என்று அம்மாவிடம் அவனே சொல்லிவிட்டான்.

உங்கள் நண்பர்கள் கூப்பிட்டால் போய்ப் பாருங்கள். வீட்டாரோடு உட்கார்ந்து சாப்பிடாதே என்று சொன்னால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள். போவதற்கு முன் லேவியராகமம் 23ஐயும் யோவான் 5 முதல் 10 வரையும் சேர்த்து வாசியுங்கள். ஒரு சாயங்காலம் போதும்.