ராணுவ மாதிரி .45 பிஸ்டலின் குறிகளை மாற்றுவது எப்படி?

கேள்வி: அமெரிக்காவின் டெக்ஸாஸ் மாநிலத்தில் வசிக்கிறேன், வயது 52. இரண்டாம் உலகப் போர்க் கால அமைப்பை அப்படியே பின்பற்றி இப்போது புதிதாகச் செய்யப்படும் 1911 வகை .45 பிஸ்டல் ஒன்று என்னிடம் உள்ளது. ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக்களத்தில், காகித இலக்கைச் சுடுவதற்கு மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். குறிபார்க்க உதவும் இரண்டு முனைப்புகளில் குழல்முனைப் பக்கம் இருக்கும் முன்குறி கண்ணுக்குப் பிடிபடுவதே இல்லை. 25 கெஜ தூரத்தில் குண்டுகள் நடுப்புள்ளிக்குச் சுமார் 4 அங்குலம் கீழே, சற்று இடப்புறமாக விழுகின்றன. இரண்டு குறிகளையும் மாற்றிவிட எண்ணுகிறேன். எதை வாங்குவது? வீட்டிலேயே மாற்ற முடியுமா?

பதில்: உங்கள் கேள்வியில் இரண்டு குறைகள் சேர்ந்திருக்கின்றன. முன்குறி தெரியவில்லை என்பது ஒன்று. குறிவைத்த இடத்தில் குண்டு விழவில்லை என்பது மற்றொன்று. முதலாவது குறிகளின் குறைதான் என்பதில் எனக்கு ஐயமில்லை. இரண்டாவது யாருடைய குறை என்பது இன்னும் தெளிவாகவில்லை. அது தெளிவாகும் வரை எந்தப் பொருளும் வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.

நீங்கள் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றால், கீழேயும் இடப்புறமும் குண்டு விழுவது ட்ரிகரை வெடுக்கென்று இழுப்பதால் வரும் மிகப் பொதுவான பிழை. வெடிச்சத்தத்தையும் உதைப்பையும் எதிர்பார்த்து, சுடும் கணத்தில் மணிக்கட்டு தன்னையறியாமல் முன்னே சாயும். அந்தப் பிழைக்கு ஈடுகட்டக் குறியை நகர்த்தினால், நாளை உங்கள் கை திருந்தும்போது பிஸ்டல் தவறாகச் சுடும். ஆகவே ஒருநாள் ரேஞ்சில், மணல்மூட்டையின் மீது கைகளைத் தாங்கி வைத்து, எப்போதும் நீங்கள் பயன்படுத்தும் அதே தோட்டாவால் ஐந்தைந்தாக நான்கு முறை சுடுங்கள். பிறகு நன்றாகச் சுடத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்து அதே போலச் சுடச் சொல்லுங்கள். அவருக்கும் கீழேதான் விழுகிறது என்றால் அது குறியின் குறை. இந்தச் சோதனையின்போது இன்னும் இரண்டைக் கவனியுங்கள். இலக்கின் கருவட்டத்தின் அடிவிளிம்பில் குறிவைக்கிறீர்களா, நடுவிலா என்பது ஒன்று. அந்த ஒரு வேறுபாடே சில அங்குலங்களை விழுங்கிவிடும். தோட்டாவின் எடை இன்னொன்று. இந்தப் பிஸ்டல் 230 கிரெய்ன் எடையுள்ள குண்டுக்காக வகுக்கப்பட்டது. 185 கிரெய்ன் போன்ற இலகுவான குண்டுகள் குழலை விட்டுச் சீக்கிரம் வெளியேறிவிடுவதால், குழல் மேலெழும்புவதற்குள் புறப்பட்டு, பெரும்பாலும் சற்றுக் கீழேயே விழும்.

இனி, கண்ணுக்குத் தெரியாத குறியைப் பார்ப்போம். ஜான் பிரௌனிங் வடிவமைத்து 1911-இல் அமெரிக்க ராணுவம் ஏற்றுக்கொண்ட இந்தப் பிஸ்டல், குதிரைப்படையின் தேவைகளை மனத்தில் வைத்து உருவானது. உறையிலிருந்து எடுக்கும்போது எதிலும் சிக்காத, அருகில் இருக்கும் ஆளை விரைந்து சுடப் போதுமான சின்னஞ்சிறு குறிகளே அன்று போதும் என்று கருதப்பட்டன. 1920-களில் ஏ1 என்ற திருத்திய வடிவம் வந்தபோது முன்குறியைச் சற்று அகலமாக்கினார்கள். அப்போதும் அது ஒரு சிறு முனைப்பாகவே இருந்தது. 1985-இல் பெரெட்டா எம்9 வந்து அதன் இடத்தைப் பிடிக்கும் வரை, படைவீரர்களுக்குப் பொதுவாக வழங்கப்பட்ட பிஸ்டல்களில் இந்தச் சிறுகுறிகளே இருந்தன. உங்கள் பிஸ்டலைச் செய்தவர்கள் அந்தத் தோற்றத்தை உண்மையாகக் காப்பாற்றியிருக்கிறார்கள். அதற்கான விலையை உங்கள் கண் கொடுக்கிறது.

உங்கள் வயதில் கண்ணையும் கணக்கில் எடுக்க வேண்டும். கையை நீட்டிப் பிடித்தால் முன்குறி கண்ணிலிருந்து ஏறத்தாழ 70 முதல் 80 சென்டிமீட்டர் தள்ளி நிற்கும். எட்டப் பார்வைக்கான கண்ணாடிக்கு அது மிக அருகில். படிக்கும் கண்ணாடிக்கு அது மிகத் தொலைவில். எனக்கு 47 வயதானபோது குறி மங்குகிறது என்று எண்ணி இரண்டு முறை முன்குறியை மாற்றிய பிறகுதான், மங்கியது என் கண் என்று உணர்ந்தேன். கண் மருத்துவரிடம் அந்தத் தூரத்தைக் கயிற்றால் அளந்து சொல்லுங்கள். எட்டப் பார்வை எண்ணோடு +0.5 அல்லது +0.75 சேர்த்தாலே பலருக்கு முன்குறியின் விளிம்பு கத்தியால் சீவியதுபோலக் கூர்மையாகிவிடும். குறியை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் இது உங்களுக்குத் தேவைப்படும்.

அதோடு, செலவே இல்லாத ஒன்றையும் முயன்று பாருங்கள். வெயிலில் குறிகள் பளபளத்தால் அவற்றின் விளிம்பு கரைந்துவிடும். கற்பூரத்தைக் கொளுத்தி, கண்மைக்குத் தட்டில் கரி பிடிப்பதுபோல, அந்தப் புகைக்கரியைக் குறிகளின் மேல் படியவிடுவது பழைய இலக்குச் சுடுநர்களின் வழக்கம். குறிகள் பொருந்தியிருக்கும், முன்பின் நகரும் மேற்பகுதியான ஸ்லைடைத் தனியே கழற்றி, எண்ணெயை நன்றாகத் துடைத்துவிட்டு, தோட்டாக்களும் கரைப்பான்களும் இல்லாத இடத்தில் இதைச் செய்ய வேண்டும். பளபளப்பே இல்லாத அந்தக் கருமையில் உங்கள் சிறிய குறியே எவ்வளவு தெரிகிறது என்று பார்த்துவிட்டு மேலே செல்லலாம்.

ஒன்றை உறுதியாகச் சொல்ல வேண்டும். உங்களுடையது புதிய பிரதி என்பதால்தான் மாற்றலாம் என்கிறேன். போர்க்காலத்து அசல் எம்1911ஏ1 யாரிடமேனும் இருந்தால், அதன் குறியில் அரத்தை வைக்கவே கூடாது. கோல்ட் மட்டுமல்லாமல் தட்டச்சுப் பொறி செய்த ரெமிங்டன் ராண்ட், இதாக்கா, யூனியன் ஸ்விட்ச் அண்ட் சிக்னல் ஆகிய நிறுவனங்களும் அவற்றைச் செய்தன. நம் வீடுகளில் தையல் மெஷினாக அறிந்த அதே சிங்கர் நிறுவனம் வெறும் 500 மட்டும் செய்து கொடுத்தது. அப்படிப்பட்ட ஒன்றின் ஸ்லைடை வெட்டினால் அதன் வரலாற்று மதிப்பு அப்போதே போய்விடும். அதை மீட்க வழியே இல்லை.

இந்தப் பிஸ்டலில் உண்மையான சிக்கல் முன்குறி பொருத்தப்பட்டிருக்கும் விதத்தில்தான் இருக்கிறது. பின்குறி, தச்சர்கள் புறா வால் பொருத்து என்று சொல்லும், அடி அகன்று மேலே குறுகிய டவ்டெயில் வெட்டில் பக்கவாட்டில் செருகப்பட்டிருக்கிறது. முன்குறி அப்படியல்ல. அதன் அடியில் ஒரு சிறு கழுந்து இருக்கிறது. அது ஸ்லைடின் மேலுள்ள துளை வழியாக உள்ளே இறங்கி, உட்பக்கத்தில் ரிவெட் போல அடித்துப் பரப்பப்பட்டிருக்கிறது. கதவுநிலையின் கழுந்தைப் பொளியில் இறக்கி ஆப்பு அடிப்பதற்கும் இதற்கும் தத்துவம் ஒன்றுதான். ஆனால் இங்கே கழுந்தின் அகலம், பழைய ராணுவ அளவில், ஒன்றரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒவ்வொரு முறை சுடும்போதும் ஸ்லைடு பின்னால் பாய்ந்து மோதி, மீண்டும் முன்னால் வந்து மோதுகிறது. அந்த அதிர்ச்சி முழுவதையும் அந்த மெல்லிய கழுந்து தாங்க வேண்டும். பெரிய, கனமான முன்குறியை அதே கழுந்தில் நிறுத்தினால் சுமை இன்னும் கூடும்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒருவர் என் பட்டறைக்குக் கொண்டுவந்த பிஸ்டலில் முன்குறியே இல்லை. வேறொரு பட்டறையில் உயரமான குறி போட்டு வாங்கியிருந்தார். இரண்டாவது நாள் சுடும்போது அது தெறித்துப் போய்விட்டது. ஸ்லைடைத் திருப்பி விளக்கில் காட்டினேன். துளையின் உள்விளிம்பு சரிவாகக் குடையப்படவே இல்லை. கழுந்தை அடித்தபோது பரவிய உலோகம் தங்குவதற்கு இடம் இல்லாமல், மேலோடு மேலாக நசுங்கி நின்றிருக்கிறது. பிறகு குழலின் முன்முனையைத் தாங்கும் வளையமான புஷிங் நுழைய வேண்டும் என்று அந்த நசுங்கலையும் சுத்தமாக அரைத்து எடுத்துவிட்டார்கள். கடைசியில் குறியைப் பிடித்து வைத்திருந்தது வெறும் இறுக்கம்தான்.

ஆகவே முன்குறியை மாற்ற உங்களுக்கு இரண்டு வழிகள் உள்ளன. கழுந்து வைத்த புதிய குறியையே மீண்டும் ரிவெட் அடிப்பது ஒன்று. இதற்குத் தனிக் கருவி வேண்டும். துளையின் உள்விளிம்பு சரிவாக இருக்க வேண்டும். அடித்த பிறகு உள்வளைவுக்குப் பொருந்த அரைத்து, குழலின் முன்புஷிங் தடையின்றி நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். கழுந்தைச் சுற்றி எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, லாக்டைட் வகைப் பசையும் இட வேண்டும். மற்றொரு வழி, துப்பாக்கி வேலை செய்யும் கன்ஸ்மித் ஒருவரிடம் கொடுத்து, முன்னாலும் ஒரு டவ்டெயில் வெட்டச் செய்வது. செலவு கூடும், ஆனால் அதன்பின் குறி தெறிக்கும் அச்சம் பெரும்பாலும் நீங்கும், எதிர்காலத்தில் உயரத்தை மாற்ற வேண்டுமென்றால் குறியை மட்டும் மாற்றினால் போதும். பத்து ஆண்டுகள் வைத்துச் சுடப்போகும் பிஸ்டல் என்றால் இதையே நான் பரிந்துரைப்பேன். முதல் வழியைத் தேர்ந்தால், கழுந்தில் சுமார் ஒன்றரை மில்லிமீட்டர், சுமார் 3.2 மில்லிமீட்டர் என இரண்டு அகலங்கள் புழக்கத்தில் இருப்பதால், உங்கள் பிஸ்டலில் உள்ளது எது என்று தயாரிப்பாளரிடம் கேட்டுவிட்டு வாங்குங்கள். இந்த வேலையை முதல்முறையாக வீட்டில் முயல வேண்டாம்.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி இந்த வகைப் பிஸ்டலில் துப்பாக்கியாகக் கருதப்படுவது தொடர் எண் பொறித்த அடிச்சட்டம்தான். எனவே வெளியூர் கன்ஸ்மித்திடம் கொடுப்பதானால் ஸ்லைடை மட்டும் கழற்றி அனுப்பினால் போதும். மாநில விதிகள் மாறுபடும் என்பதால் அவரிடமே ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

உயரத்தைக் கணக்கிட எளிய வழி ஒன்று உண்டு. குண்டு விலகிய அளவை இரண்டு குறிகளுக்கும் இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுத்தால், குறியில் செய்ய வேண்டிய மாற்றம் கிடைக்கும். உங்கள் பிஸ்டலில் குறிகளுக்கு இடையே ஏறத்தாழ 6.5 அங்குலம்; 25 கெஜம் என்பது 900 அங்குலம். 4 ஐ 6.5 ஆல் பெருக்கி 900 ஆல் வகுத்தால் 0.029 அங்குலம், அதாவது 0.73 மில்லிமீட்டர். குண்டு கீழே விழுவதால் முன்குறி அந்த அளவு குட்டையாக வேண்டும். மேலே விழுந்தால் உயரமாக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு உயரமான குறியை வாங்கிவிடுகிறார்கள். பின்குறியையும் மாற்றினால், புதிய பின்குறி பழையதைவிட எவ்வளவு உயரமோ அதை முன்குறியின் உயரத்தில் கூட்டி, இந்த 0.73-ஐக் கழிக்க வேண்டும். ஐயம் இருந்தால் சற்று உயரமானதையே வாங்குங்கள். உயரத்தை அரத்தால் குறைக்கலாம், கூட்ட முடியாது.

எந்தக் குறி என்ற கேள்விக்கு என் விடை சுருக்கமானது. காகித இலக்குக்கு, பின்முகத்தில் நுண்ணிய கோடுகள் வெட்டப்பட்ட, தட்டையான, முழுக் கறுப்பு முன்குறியைவிடச் சிறந்தது இல்லை. 3.2 மில்லிமீட்டர் அகலமுள்ள முன்குறிக்குப் பின்குறியின் வெட்டு குறைந்தது 3.5 மில்லிமீட்டராவது இருக்கட்டும். இரண்டு பக்கமும் சமமான வெளிச்சக் கீற்று தெரிந்தால்தான் கண் நடுவை நிதானிக்கும். உங்கள் வயதில் அந்தக் கீற்று இன்னும் கொஞ்சம் அகலமாக இருந்தாலும் நல்லதே. வெயிலில் சுடுபவருக்கு ஃபைபர் ஆப்டிக் முன்குறி பளிச்சென்று தெரியும், ஆனால் அதன் இழை எளிதில் உடையும். தானே ஒளிர வைக்கும் கதிரியக்கப் பொருளான டிரிட்டியம் வைத்த குறி இருட்டுக்கானது, டிரிட்டியத்தின் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையும் காலம், சுமார் 12 ஆண்டுகள் என்பதால் ஒளி மெல்ல மங்கும், உங்கள் பயன்பாட்டுக்கு அது வீண்செலவு. சிவப்புப் புள்ளியால் குறிகாட்டும் கருவியான ரெட் டாட் வைக்க ஸ்லைடின் மேற்பகுதியைக் கடைந்தெடுக்க வேண்டியிருக்கும். இந்தப் பிஸ்டலின் உருவத்தை விரும்பி வாங்கிய உங்களுக்கு அது மகிழ்ச்சி தராது என்று நினைக்கிறேன்.

பின்குறியை நீங்களே மாற்றலாம். முதலில் தோட்டாக்கள் நிரப்பும் மேகசினைக் கழற்றுங்கள். ஸ்லைடை இழுத்து, சுடும்போது தோட்டா அமரும் சேம்பர் காலியாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்யுங்கள். தோட்டாக்களை வேறு அறையில் வையுங்கள். ஸ்லைடைத் தனியாகக் கழற்றி, பித்தளை அல்லது அலுமினியத் தகடு வைத்த வைஸில் இறுக்குங்கள். குறியில் பூட்டுத் திருகு இருந்தால் அதை முதலில் தளர்த்த வேண்டும். இதை மறந்து அடித்துப் பாழாக்கிய டவ்டெயில்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். பின்னாலிருந்து பார்க்கும்போது இடமிருந்து வலமாக வெளியே தள்ளி, வலமிருந்து இடமாகச் செருகுவதே பெரும்பாலும் வழக்கம். பித்தளையால் ஆன பஞ்ச் என்னும் தட்டுகோலை வைத்து, சிறு சிறு அடிகளாக அடியுங்கள். புதிய குறி, விரலால் தள்ளும்போதே மூன்றில் ஒரு பங்கு நுழைந்து, அங்கே நிற்க வேண்டும். நுழையவே மறுத்தால் ஸ்லைடை அராவாதீர்கள். குறியின் அடிப்பகுதியை மட்டும், இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை பொருத்திப் பார்த்து, அரத்தால் தேயுங்கள். முழுவதும் எளிதாக நுழைந்துவிட்டால் அது உங்கள் பிஸ்டலுக்கான அளவு அல்ல. கடைக்காரரிடம் திருப்பிக் கொடுங்கள்.

குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கமே பின்குறியை நகர்த்த வேண்டும், முன்குறியானால் எதிர்ப்பக்கம். உங்களுக்கு இடப்புறம் விழுவதால், சோதனைக்குப் பிறகும் அது தொடர்ந்தால், பின்குறியை வலப்புறம் நகர்த்துங்கள். நடு வந்ததும் குறியின் அடிக்கும் ஸ்லைடுக்கும் குறுக்கே வெள்ளைப் பெயின்டால் மெல்லிய கோடு ஒன்று இடுங்கள். ஒவ்வொரு முறை ரேஞ்சிலிருந்து திரும்பியதும் அந்தக் கோடு முறியாமல் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். முதல் 200 தோட்டாக்களுக்குள் அது விலகியிருந்தால், குறியைக் கழற்றி மறுபடி பொருத்த வேண்டும்.