விளையாட்டில் கிடைத்த ‘அண்ணன்’ படம் கேட்கிறான்

கேள்வி: என் மகனுக்கு 12 வயது. தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு படிக்கிறான். ரோப்லாக்ஸ் விளையாட்டில் பழக்கமான ஓர் ‘அண்ணன்’, ரோபக்ஸ் (அந்த விளையாட்டில் செலவழிக்கும் பணம்) கார்டு எண்களை அனுப்பி இவனை வசப்படுத்தியிருக்கிறான். பிறகு டெலிகிராமுக்கு வரவழைத்து, இப்போது சட்டையில்லாமல் படம் அனுப்பச் சொல்கிறான். தற்செயலாகப் பார்த்துவிட்டு, கைப்பேசியைப் பிடுங்கி வைத்துவிட்டேன். அன்றிலிருந்து மகன் என்னிடம் பேசுவதில்லை. கணவருக்குத் தொழிற்சாலையில் இரவு வேலை. அடித்துவிடுவாரோ என்று அவரிடம் இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?
– வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: சகோதரி, முதலில் மகனிடம் பேசுங்கள், இன்றைக்கே. இப்படிப்பட்ட ஆள்கள் பிள்ளையிடம் தவறாமல் சொல்லி வைப்பது ஒன்று உண்டு: “அம்மாவுக்குத் தெரிந்தால் போனைப் பிடுங்கிவிடுவார்.” நீங்கள் பிடுங்கியதும் அவன் சொன்னது பலித்துவிட்டது. நாளைக்கு வேறு ஒருவன் மிரட்டினால் பையன் உங்களிடம் வரமாட்டான். இந்தப் பயத்தை வைத்துத்தான் அவர்கள் பிள்ளைகளைப் பிடித்து வைக்கிறார்கள். அதனால் தெளிவாகச் சொல்லுங்கள்: “உன் மேல தப்பு இல்லய்யா. ஏமாத்துறதே அவனுக்கு வேலை. போலீசுக்குத் தேவைன்னா போன் கொஞ்ச நாள் அவங்ககிட்ட இருக்கும், அப்புறம் உனக்குத்தான்.” படம் ஏதாவது அனுப்பினானா என்று ஒரே ஒரு முறை, குரல் உயர்த்தாமல் கேளுங்கள். “ஏன் அனுப்பின?” என்று மட்டும் கேட்காதீர்கள்.

அடுத்தது தடயம். டெலிகிராமில் ஒருவர் நினைத்தால் இரண்டு பக்கமும் உரையாடலை அழித்துவிடலாம். மகனின் கைப்பேசிக்கு இணையம் வந்ததும் அதில் இருப்பதும் மறைந்துவிடும். ஆகவே முதலில் அதை ஏரோபிளேன் மோடில் போடுங்கள். வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பாருங்கள். அதன் பிறகே டெலிகிராமைத் திறக்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட் வேண்டாம், ரகசிய உரையாடலாக இருந்தால் ஆண்ட்ராய்டு கைப்பேசியில் அது எடுக்கவும் விடாது. உங்கள் கைப்பேசியால் அந்தத் திரையைப் படம் பிடியுங்கள்: அவனுடைய விவரப் பக்கம், @ குறியோடு உள்ள பயனர் பெயர், எண் தெரிந்தால் எண், பிறகு முதல் செய்தியிலிருந்து கடைசி வரை, தேதியும் நேரமும் தெரியும்படி. அனுப்பிய கார்டு எண்களும் தடயம்தான். ரோப்லாக்ஸிலும் @ குறியோடு இருக்கும் பெயரையே குறித்துக்கொள்ளுங்கள். மேலே பெரிதாகத் தெரியும் பெயரை எத்தனை பேர் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம்.

மகனின் உடம்பு தெரியும் படம் அதில் இருந்தால் அதை மட்டும் படம் பிடிக்காதீர்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள், கணவருக்கும்கூட. சிறாரின் அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் சட்டப்படி குற்றம். இருந்த இடத்திலேயே விட்டு, கைப்பேசியைப் போலீசிடம் கொடுங்கள். மகனைப் போல நடித்து அவனோடு பேச்சை வளர்க்கவும் வேண்டாம். சந்தேகம் வந்தால் கணக்கை அழித்துவிட்டு ஓடிவிடுவான். விசாரணையில் எது பிள்ளை எழுதியது, எது அம்மா எழுதியது என்ற குழப்பம் வேறு. முழுவதும் படம் பிடித்தபின் பிளாக் செய்யலாம், அதற்கு முன்னால் கூடாது.

போலீசில் சொல்ல இது பெரிய விஷயமா என்று தயங்காதீர்கள். மலேசியாவின் 2017-ஆம் ஆண்டு சிறார் பாலியல் குற்றச் சட்டத்தில், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரிடம் பாலியல் பேச்சுப் பேசினாலே 3 ஆண்டு வரை சிறை. குற்றம் செய்யும் நோக்கத்தோடு பழகி நம்பிக்கையைச் சம்பாதித்தால் 5 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும். நேரில் சந்தித்திருக்க வேண்டும் என்பதில்லை. எந்தக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். இப்படிப்பட்ட வழக்குகளைப் பார்க்கும் பிரிவுக்கு டி11 என்று பெயர். உங்கள் மைகார்டையும் (அடையாள அட்டை) மகனுடையதையும் எடுத்துச் செல்லுங்கள், இரண்டு கைப்பேசிகளும் சார்ஜோடு இருக்கட்டும். எப்போது பழக்கம், எப்போது டெலிகிராமுக்குப் போனான், எப்போது படம் கேட்டான் என்று வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் அங்கே தடுமாற வேண்டாம். புகாரின் நகலைக் கேட்டு வாங்குங்கள். போவதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டும் போலிருந்தால் தாலியான் காசே என்ற அரசு உதவி எண் இருக்கிறது, 15999. எந்த நேரத்திலும் எடுப்பார்கள்.

படம் போய்விட்டிருந்தால், பணம் கேட்டு மிரட்டுவது இவர்களின் அடுத்த வேலை. ஐம்பது வெள்ளி கொடுத்தால் ஐந்நூறு கேட்பான். ஒரு சென்கூடக் கொடுக்காதீர்கள். ‘டேக் இட் டவுன்’ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படத்தை எங்கும் அனுப்பாமல், கைப்பேசியிலேயே அதற்கு ஓர் அடையாள எண் உருவாக்கும். சேவையில் சேர்ந்துள்ள பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டாக் போன்றவை அந்த எண்ணை வைத்துப் படம் பரவாமல் தடுக்கும். ஆனால் டெலிகிராம், வாட்ஸ்அப் போன்ற தனி உரையாடல்களில் இது எட்டாது. உரையாடல் முழுவதையும் படம் பிடித்தபின், போலீசில் கைப்பேசியைக் கொடுப்பதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.

கைப்பேசி திரும்பி வந்ததும் மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அமைப்புகளை மாற்றுங்கள். முதலில் ரோப்லாக்ஸில் உள்ள பிறந்த ஆண்டு. பல பிள்ளைகள் கணக்குத் தொடங்கும்போது வயதைக் கூட்டிப் போடுகிறார்கள். 13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு ரோப்லாக்ஸ் போட்டிருக்கும் தடைகள் அதனால் வேலை செய்யாமல் போகலாம். அதைச் சரிசெய்துவிட்டு, ரோப்லாக்ஸின் பெற்றோர் கட்டுப்பாட்டுப் பகுதியில் உங்கள் கணக்கை இணையுங்கள். அடையாள அட்டை அல்லது கிரெடிட் கார்டு கேட்கும். இணைந்தபின் நண்பர் பட்டியல் உங்களுக்குத் தெரியும், உரையாடலையும் செலவையும் கட்டுப்படுத்தலாம். டெலிகிராமை நீக்கிவிடுங்கள். வாட்ஸ்அப்புக்கும் 13 வயது ஆக வேண்டும். பள்ளிக் குழுவை உங்கள் கைப்பேசியில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்ட்ராய்டு கைப்பேசி என்றால் கூகுள் ஃபேமிலி லிங்க் என்ற பெற்றோர் கட்டுப்பாட்டுச் செயலியைப் போடுங்கள். புதிய செயலி எதையும் உங்கள் அனுமதி இல்லாமல் பிளே ஸ்டோரிலிருந்து இறக்க முடியாது. இரவு 9 மணிக்கு மேல் பூட்டிக்கொள்ளும்படியும் வைக்கலாம். வீட்டு வைஃபையை மட்டும் அடைப்பதில் பயன் குறைவு: பிரீபெய்ட் டேட்டா இருக்கிறது, பக்கத்து வீட்டு ஹாட்ஸ்பாட் இருக்கிறது. ஃபேமிலி லிங்க் கைப்பேசியிலேயே இருப்பதால் எந்த இணைப்பில் போனாலும் அது வேலை செய்யும்.

கணவரிடம் மறைக்காதீர்கள். அவர் வேலைக்குக் கிளம்பும் நேரத்தில் சொல்லாமல், தூங்கி எழுந்தபின், பையன் பள்ளியில் இருக்கும்போது சொல்லுங்கள். எடுத்த படங்களைக் காட்டி, “ஒரு பெரிய ஆள் நம் பிள்ளையை ஏமாற்றியிருக்கிறான், நாம் இருவரும் போலீசுக்குப் போவோம்” என்று தொடங்கினால் கோபம் போக வேண்டிய இடத்துக்குப் போகும். ஃபேமிலி லிங்கில் அவரையும் இரண்டாவது பெற்றோராகச் சேர்த்துவிடுங்கள். மகன் கேட்கும் அனுமதி அவர் கைப்பேசிக்கும் வரும். இரவு வேலையில் இருக்கும்போதும் அவரால் பதில் கொடுக்க முடியும்.