ரசீது கேட்காமல் கொடுங்கள்

கேள்வி: என் பெரியப்பா மகள், எனக்கு அக்கா முறை, பேராவூரணி பக்கம் ஒரு கிராமத்தில் இருக்கிறார். கஜா புயலில் தென்னை மரங்கள் போனதிலிருந்து அந்தக் குடும்பம் எழுந்திருக்கவே இல்லை. அத்தான் கிடைத்த வேலைக்குப் போவார்; குடிப்பழக்கமும் உண்டு. அக்கா நூறு நாள் வேலைக்கும் கயிறு ஆலைக்கும் போகிறார். மகள் பிளஸ் ஒன், மகன் ஏழாவது, இருவரும் அரசுப் பள்ளி. மகளிர் உரிமைத்தொகை ஆயிரம் ரூபாய் வருகிறது. சிங்கப்பூரில் இருக்கும் நாங்கள் மூன்று பேர் சேர்ந்து மாதம் 150 வெள்ளி, ஏறக்குறைய பத்தாயிரம் ரூபாய், இரண்டு வருஷத்துக்கு அனுப்பலாம் என்று முடிவெடுத்தோம். ஆனால் பணமாகக் கொடுக்கவே கூடாது என்கிறார் என் அண்ணன். ஆடும் தையல் மெஷினும் வாங்கிக் கொடுப்போம், படிப்புச் செலவை நேராகக் கட்டுவோம், மற்றதற்கு மாதாமாதம் பில்லை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்வோம், பெண் படிப்பை நிறுத்தினால் பணத்தையும் நிறுத்துவோம் என்கிறார். சும்மா பணம் வந்தால் அக்கா வேலைக்குப் போவதை விட்டுவிடுவாரோ என்ற பயம் எனக்கும் இருக்கிறது. என்ன செய்யட்டும்?
- பெயர் வேண்டாம், ஈசூன்

பதில்:

பணமாகவே அனுப்புங்கள். பில் கேட்காதீர்கள். மாதம் 150 வெள்ளி என்ற கணக்கை மட்டும் கொஞ்சம் மாற்றச் சொல்வேன். அதற்குப் பிறகு வருகிறேன்.

உங்கள் அண்ணன் கெட்ட எண்ணத்தில் பேசவில்லை. உழைத்துச் சேர்த்த காசு வீணாகக் கூடாது என்று நினைக்கிறார். ஒன்றை மட்டும் அவரிடம் கேட்டுப் பாருங்கள். இங்கே சிங்கப்பூரில் ஆகஸ்ட் மாதம், ஜிஎஸ்டி வரிச்சுமையைத் தணிக்க அரசாங்கம் தரும் பற்றுச்சீட்டு ரொக்கம் தகுதியுள்ளவர்களின் கணக்கில் விழுகிறதே, அதை எதற்குச் செலவழித்தீர்கள் என்று யாராவது ரசீது கேட்கிறார்களா? அரசாங்கம் நம்மைப் பெரிய மனிதர்களாக நம்புகிறது. அக்காவுக்கும் அந்த மரியாதை உண்டுதானே. போதாததற்கு, 2023 செப்டம்பரில் உரிமைத்தொகை தொடங்கியபோதே ஒரு கோடிக்கும் மேற்பட்ட பெண்களுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் போனது. அதற்கும் செலவுக் கணக்கு காட்ட வேண்டியதில்லை. ஆக, கேள்வி கேட்காத பணத்தை வைத்துக் குடும்பம் நடத்த அக்காவுக்கு ஏற்கெனவே பழக்கம் உண்டு. அந்த ஆயிரம் எங்கே போகிறது என்று சாவகாசமாக ஒருநாள் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். உங்கள் அண்ணன் போடும் பட்டியலைவிடத் தெளிவான பட்டியல் கிடைக்கும்.

உங்கள் கடிதத்தில் ஆடு இருக்கிறது, தையல் மெஷின் இருக்கிறது, படிப்புச் செலவு இருக்கிறது. கடன் என்ற சொல் மட்டும் எங்கேயும் இல்லை. 2018 நவம்பரில் தென்னை சாய்ந்த குடும்பம். புதுக் கன்று வைத்தாலும் காய்க்க நாலைந்து வருஷமாவது ஆகும். அத்தனை காலத்தையும் கூலியில் மட்டுமே ஓட்டியிருப்பார்கள் என்று நினைக்கிறீர்களா? குழுவில் எடுத்த லோனுக்கு வாரத் தவணை இருக்கலாம், தோடு அடகில் இருக்கலாம், ஊரில் யாரிடமாவது மூன்று வட்டிக்கு வாங்கியிருக்கலாம். மூன்று வட்டி என்றால் நூறு ரூபாய்க்கு மாதம் மூன்று ரூபாய். 50,000 ரூபாய்க் கடனுக்கு மாதம் 1,500. ஒரு வருஷத்தில் 18,000 ரூபாய் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். இந்த நிலைமையில் ஒரு வீட்டுக்கு நீங்கள் ஆடு வாங்கிக் கொடுத்தால் என்ன நடக்கும்? அடுத்த தவணை நெருக்கும்போது ஆட்டை வந்த விலைக்கு விற்பார்கள். அப்புறம் உங்கள் அண்ணன் "பார்த்தியா, நான் சொன்னேனே" என்பார்.

அதே பணம் கையில் வந்தால் அக்கா முதலில் எந்தக் கடனை அடைப்பார் என்று உங்களுக்கோ எனக்கோ தெரியாது. அவருக்குத் தெரியும். எந்தக் கடன்காரர் வாசலில் வந்து சத்தம் போடுகிறவர், யார் பொறுத்துப் போகிறவர், எந்த நகை ஏலத்துக்குப் போகப்போகிறது என்பதெல்லாம் அவர் மனக்கணக்கில் இருக்கும். இந்தக் கணக்குக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப பில் எதுவும் கிடையாது. பில் கேட்டால் பில் கிடைக்கும் செலவை மட்டும்தான் செய்வார்கள். வட்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும்.

பேராவூரணி என்று எழுதியதால் இன்னொன்றும் சொல்கிறேன். ஆடி மாதம் அந்தப் பக்கமெல்லாம் மொய் விருந்து நடக்கும். உங்கள் பணத்தில் ஒரு மூவாயிரமோ ஐயாயிரமோ மொய்யாகப் போயிருக்கிறது என்று காதில் விழுந்தால் உங்களுக்குச் சுருக்கென்றிருக்கும். விருந்துச் செலவு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கே மொய் என்பது வட்டியில்லாக் கடன். நோட்டில் எழுதி வைத்துத் திருப்பிச் செய்கிற ஏற்பாடு. வாங்கிய மொய்யைச் செய்ய முடியாத குடும்பம் ஊரில் தலைகாட்டக் கூசும். நாளைக்கு அவர்கள் வீட்டில் ஒரு தேவை வந்தாலும் வந்து செய்ய ஆள் இருக்காது. பணம் அந்த வீட்டுக்குள் என்ன மாற்றத்தைச் செய்கிறது என்று கேட்டால், நான் அரிசி பருப்போடு இதையும் சேர்த்துத்தான் சொல்வேன்: ஊரில் நாலு பேரோடு சமமாக உட்கார முடிவது.

சரி, குடிக்கு வருவோம். இந்தக் கவலை உங்களுக்கு மட்டுமில்லை, உலகம் முழுக்க இருக்கிறது. 2014-ல் உலக வங்கி ஆய்வாளர்கள் இருவர் பல நாடுகளில் செய்த 19 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். ஏழைகள் கைக்குப் பணம் வந்தால் மது, புகையிலைச் செலவு கூடுகிறதா என்பதுதான் கேள்வி. கூடியதற்கு ஆதாரம் இல்லை. பல இடங்களில் சற்றுக் குறைந்திருந்தது. ஆனால் இதெல்லாம் பொதுக்கணக்கு. உங்கள் அத்தான் தனி மனிதர். அதனால் பணம் அக்காவின் சொந்தக் கணக்குக்குப் போகட்டும். கணக்கு அவர் பெயரில் இருக்கிறதா என்று கேட்பதோடு நிறுத்தாமல், ஏடிஎம் அட்டை யார் கையில் இருக்கிறது, வங்கிக் குறுஞ்செய்தி யார் போனுக்குப் போகிறது என்றும் கேளுங்கள். அந்த இடத்தில்தான் பல வீடுகளில் பணம் கைமாறுகிறது. இதனால் வீட்டில் சண்டை வருமா என்று அவரிடம் தனியாகப் பேசிவிட்டே அனுப்ப ஆரம்பியுங்கள். அவர் வேறு வழி சொன்னால் அதன்படி செய்யுங்கள்.

வேலையை விட்டுவிடுவாரா என்ற உங்கள் பயத்துக்குப் பதில் மத்தியப் பிரதேசத்தில் இருக்கிறது. 2011, 2012-ல் சேவா என்ற உழைக்கும் பெண்கள் அமைப்பும் யுனிசெஃபும் சேர்ந்து அங்கே எட்டுக் கிராமங்களில், நிபந்தனையே இல்லாமல், ஊரில் இருந்த எல்லாருக்கும் மாதாமாதம் பணம் கொடுத்தார்கள். பெரியவருக்கு 200 ரூபாய், குழந்தைக்கு 100. பிறகு 300, 150 ஆக்கினார்கள். யாரும் படுத்துத் தூங்கவில்லை. அடுத்தவர் வயலில் கூலிக்குப் போனவர்கள் பலர் தங்கள் சொந்த நிலத்தில் கூடுதல் நேரம் வேலை பார்த்தார்கள். விதை வாங்கினார்கள், ஆடு மாடு வாங்கினார்கள் (ஆமாம், ஆடுதான்; ஆனால் தேவையென்று அவர்களே பார்த்து வாங்கியது). சிறுமிகளின் உடல் எடை தேறியது. ஆகவே அக்கா கயிறு ஆலைக்குப் போவதைக் குறைத்துக்கொண்டார் என்று நாளைக்குக் கேள்விப்பட்டால் உடனே கோபப்படாதீர்கள். மட்டைத் தூசியில் நாள் முழுக்க நிற்கிற வேலை அது. அந்த நேரத்தில் தன் தோப்பில் நின்றால் என்ன தப்பு? வெறுமனே ஒரு வாரம் ஓய்வெடுத்தால்தான் என்ன?

மகள் விஷயத்தில் மட்டும் உங்கள் அண்ணன் பக்கம் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. ஆப்பிரிக்காவில், மலாவி நாட்டின் ஸோம்பா மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. சிலருக்குப் பள்ளிக்குப் போனால்தான் பணம். சிலருக்கு நிபந்தனை இல்லாத பணம். வருகைப்பதிவு நிபந்தனை போட்ட இடத்தில்தான் நன்றாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன். ஆனால் சின்ன வயதுக் கல்யாணமும் பிள்ளைப்பேறும் நிபந்தனை இல்லாத பக்கத்தில் வெகுவாகக் குறைந்திருந்தன. காரணம் எளிது. ஏதோ ஒரு கஷ்டத்தில் படிப்பை விட்ட பெண்ணுக்கு நிபந்தனைப் பணம் அன்றைக்கே நின்றுபோகிறது. வீட்டில் மாப்பிள்ளை பார்க்கத் தொடங்குவது அந்த நேரத்தில்தான். உங்கள் அக்கா மகள் பிளஸ் டூவில் தடுக்கி விழுந்தால் அன்றைக்குத்தான் அவளுக்குப் பணம் அதிகம் வேண்டும். அதை நிறுத்துவோம் என்று முன்கூட்டியே மிரட்டி வைப்பது எனக்குச் சரியாகப் படவில்லை. அவளிடம் நேராகப் பேசுங்கள், என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் படித்த பெண் கல்லூரிக்குப் போனால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வரும் என்பதையும் நினைவூட்டுங்கள்.

இப்போது கணக்குக்கு வருகிறேன். கென்யாவில் கிவ்டைரக்ட்லி என்ற அமைப்பு பல வருஷமாகக் கிராமத்துக் குடும்பங்களுக்கு கைப்பேசி வழியாகப் பணம் கொடுத்துவருகிறது. மொத்தமாகக் கொடுத்தால் என்ன ஆகிறது, மாதாமாதம் கொடுத்தால் என்ன ஆகிறது என்று அங்கே ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறார்கள். மாதப் பணம் சாப்பாட்டுக்கு உதவியது. மொத்தப் பணம் பொருளாக நின்றது. கீற்று மாதிரி வேயும் கூரையைத் தகரமாக மாற்றியவர்கள் நிறையப் பேர். பிறகு ஒரு பெரிய சோதனையில் மூன்று விதமாகப் பிரித்துக் கொடுத்தார்கள்: ஒரே தடவையில் மொத்தமாக, இரண்டு வருஷத்துக்கு மாதாமாதம், பன்னிரண்டு வருஷத்துக்கு மாதாமாதம். சின்னத் தொழில் தொடங்குவதில் பின்தங்கியது எது தெரியுமா? இரண்டு வருஷ மாதப் பணம். நீங்கள் கொடுக்க நினைப்பது அதுதான். பன்னிரண்டு வருஷம் வரும் என்று தெரிந்தவர்கள் அதை நம்பிச் சீட்டுப் போட்டு, சீட்டெடுத்து, மொத்தத் தொகையாக்கிக்கொண்டார்கள். நம் ஆட்கள் செய்வதேதான்.

உங்கள் மொத்தத் தொகை 3,600 வெள்ளி. அதில் 1,200 வெள்ளியை, ஏறக்குறைய 80,000 ரூபாயை, முதலிலேயே கொடுத்துவிடுங்கள். மீதி 2,400-ஐ மாதம் 100 வெள்ளியாக 24 மாதம் அனுப்புங்கள். முதலில் கொடுக்கும் மொத்தப் பணம் கடனுக்கோ தோப்புக்கோ கூரைக்கோ போகட்டும். மாதப் பணம் அடுப்புக்குப் போகட்டும். எந்த மாதத்தோடு முடிகிறது என்பதை முதல் நாளே சொல்லிவிடுங்கள். இது முக்கியம். தேதி தெரிந்தால்தான் திட்டம் போட முடியும். தெரியாவிட்டால் மாதாமாதம் உங்கள் மனநிலையை ஆராய்ந்துகொண்டிருப்பார்கள். போனை எடுக்கத் தாமதமானாலே "கோபமோ?" என்று பதறுவார்கள். இரண்டு வருஷமும் ஒரே தேதியில் தானாகவே போகும்படி வங்கியில் நிலையான உத்தரவு போட்டு வையுங்கள். மூன்று பேரில் ஒருவருக்கு ஒரு மாதம் நெருக்கடி வந்தால் மற்ற இருவர் சமாளிப்பது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

சொந்தபந்தம் பற்றியும் ஒரு வார்த்தை. கென்யாவின் சியாயா பகுதியில் ஆயிரக்கணக்கான வீடுகளுக்குப் பணம் போனபோது அது கடை கண்ணியில் சுழன்று, பணம் வாங்காத வீடுகளிலும் செலவழிக்க வசதி கூடியது. உங்கள் விஷயத்தில் ஒரு வீட்டுக்கு மட்டும் போகிறது. சுற்றியிருப்பவர்களுக்குப் பொறாமை வரும், "சிங்கப்பூர்ப் பணம்" என்று கைமாற்றுக் கேட்டு வருவார்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் தயவுசெய்து அறிவிக்க வேண்டாம். யாருக்குச் சொல்வது, யாருக்கு மறைப்பது என்பதும் அக்காவின் முடிவு.

இந்தப் பணத்தால் அத்தான் திருந்துவார் என்று எதிர்பார்க்காதீர்கள். கயிறு ஆலைக் கூலியும் ஏறாது, தேங்காய் விலையும் உயராது. ஒரு பெரிய ஆஸ்பத்திரிச் செலவு வந்தால் எல்லாம் கரைந்துவிடும். அப்படிக் கரைந்தாலும் அது வீணாய்ப்போன பணமில்லை. அது இல்லாவிட்டால் அன்றைக்கு மறுபடியும் மூன்று வட்டிக்குத்தான் போயிருப்பார்கள். கென்யா ஆய்வுகளில் கூரை, கால்நடை கணக்கோடு மனநிலையையும் அளந்தார்கள். பணம் வாங்கிய வீடுகளில் கவலை குறைந்து மனநிறைவு கூடியிருந்தது. உங்கள் அண்ணன் இதை லாபம் என்று ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை. நான் ஒத்துக்கொள்வேன்.

அவர் அப்படியும் பிடிவாதமாக இருந்தால் தன் பங்குக்குத் தையல் மெஷினே வாங்கிக் கொடுக்கட்டும். வாங்குவதற்கு முன்னால் அக்காவுக்குத் தைக்கத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்களும் மற்றவரும் உங்கள் பங்கைப் பணமாக அனுப்புங்கள். சிராங்கூன் சாலையில் பணம் அனுப்பும் கடையிலோ வங்கிச் செயலியிலோ, எதில் கட்டணம் போக அதிக ரூபாய் கையில் கிடைக்கிறதோ அதில். முதல் தொகை மே மாதத்துக்குள் போய்ச் சேரட்டும். ஜூனில் பள்ளி திறந்துவிடும், பெண்ணுக்கு பிளஸ் டூ. ஜூலை நடுவில் ஆடி பிறந்தால் மொய்ப் பத்திரிகைகளும் வர ஆரம்பிக்கும்.