ஒரே முகவரியில் ! குறியும் @ குறியும்: எது முதலில்?

ஒரு மின்னஞ்சல் முகவரியில் இரண்டு குறிகளும் இருந்தால், கடிதம் முதலில் போவது @ குறிக்கு வலப்பக்கம் இருக்கும் கணினிக்குத்தான். 1980களின் 'டெக்வேக்ஸ்!லேப்1!பாப்@பெர்க்லி' மாதிரி முகவரியில் பாப் என்பவர் பெறுநர், மற்றவை கணினிகளின் பெயர்கள்; கடிதம் பெர்க்லிக்குப் போய், அங்கிருந்து டெக்வேக்ஸ், அப்புறம் லேப்1, கடைசியில் பாப் கைக்கு. 1982இல் வந்த ஆர்எஃப்சி 822 என்ற மின்னஞ்சல் விதித்தொகுப்பின்படி இதுதான் வரிசை.

குழப்பம் பெரும்பாலும் யூயூசிபி செய்த வேலை. யூனிக்ஸ் கணினிகள் தொலைபேசி வழியே கடிதங்களையும் கோப்புகளையும் கைமாற்றிய பழைய முறை அது. அதற்கு @ ஒரு பொருட்டே இல்லை; ! குறிகளை இடமிருந்து வலமாகத் தாண்டிக்கொண்டே போகும். அங்கே முகவரி என்பது ஆள் இருக்கும் இடமல்ல, போய்ச் சேரும் வழி. 'ஆலமரம் தாண்டி, டீக்கடை தாண்டி' என்று நம் ஊரில் வழி சொல்வதைப் போல. அந்தக் காலத்தில் ஒவ்வொரு கணினியும் மோடத்தில் அடுத்ததற்கு டயல் செய்து தள்ளிவிடும், பெரும்பாலும் இரவில், தொலைபேசிக் கட்டணம் குறைவு என்பதால். நடுவில் ஒன்று படுத்துவிட்டால் கடிதமும் அங்கேயே படுத்துவிடும்!

சரி, எப்படி உறுதிசெய்வது? அப்படி ஒரு பழைய கடிதத்தின் தலைப்பகுதியில் 'ரிசீவ்டு' வரிகள் (கடிதம் கடந்த ஒவ்வொரு கணினியும் சேர்த்த குறிப்பு) இருந்தால் கீழிருந்து மேலாகப் படியுங்கள். முதலில் வருவது பெர்க்லியா, டெக்வேக்ஸா என்று தெரிந்துவிடும்.

ஒன்று மட்டும்: யூயூசிபி மட்டுமே ஓடிய கணினியிலிருந்து கிளம்பியிருந்தால் வரிசை மாறும், டெக்வேக்ஸ்தான் முதலில்.