ஊசியிலை கருகினா உடனே மருந்தா? கேள்வி பதில்

பைன் மரக் கருகல் பற்றிக் கேளுங்க எண்டு சொல்லியிருந்தன். வந்த கேள்வியில பாதி சவுக்கைப் பற்றினது. முப்பது வருசம் விவசாயப் போதனாசிரியரா இருந்தவனுக்கு இது புதுசில்ல. தெரிஞ்சதைச் சொல்றன்.

கல்லடி: சேர், எங்கட மதிலோரம் ஏழு பைன் மரம் நிக்குது. தை மாசத்தில இருந்து ஊசி செம்பட்டையாகுது. கடையில பங்கசு மருந்து தந்தாங்க. அடிக்கவா?

போத்தலைத் திறக்க வேணாம். அது பைன் இல்ல, சவுக்கு. ஒரு ஊசியைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க, கணுக்கணுவாக் கழரும். கணுவைச் சுத்திப் பல்லுப்போல நிக்கிறதுதான் இலை, மற்றதெல்லாம் பச்சைக் குச்சி. மறுகா, எந்தப் பக்கம் கருகியிருக்கு? கடல் பக்கம் மட்டும் எண்டா வாடைக்காத்தில தெறிச்ச உப்பு. பங்கசு எண்டா கிழக்கு மேற்குப் பார்த்து வராது.

பாசிக்குடா: ஹோட்டல் தோட்டத்தில வேலை செய்றன் ஐயா. ஒரு சவுக்கின்ட பட்டை கொப்பளிச்சுக் கிடக்கு. தொட்டா கையெல்லாம் கரி.

இதுக்குத்தான் பயப்பட வேணும் தம்பி. பட்டைக் கொப்புள நோய், ட்ரைக்கோஸ்போரியம் வெசிகுலோசம் எண்ட பங்கசு. கையில ஒட்டினது கரியில்ல, வித்துத்தூள். உச்சி காஞ்சு போனா எந்த மருந்தாலும் அந்த மரத்தை மீட்க ஏலா. வெட்டி அந்த இடத்திலேயே எரிங்க. வேரோட வேர் தொடாம சுத்திக் கான் வெட்டுங்க. விறகுக்கெண்டு லான்ட்மாஸ்டர் கைட்ராக்டர்ல ஏத்தி ஊருக்குள்ள கொண்டுபோக வேணாம். கடற்கரையோட நிக்கிற மரமெண்டா பிரதேச செயலகத்தில கேட்டுட்டு வெட்டுங்க. விளக்குக் கட்ட மரத்தில ஆணி அடிக்கிறதையும் நிப்பாட்டுங்க, காயம்தான் நோய்க்கு வாசல்.

ஆரையம்பதி, இப்ப டொராண்டோ: அண்ணா, இது உண்மையான பைன்தான். ஆஸ்திரியன் பைன், வீட்டை விட வயசு கூட. கீழ்க்கொப்புகளில புதுக்குருத்து குட்டையாவே நிண்டு பழுப்பாகுது.

விழுந்து கிடக்கிற பழைய கூம்பு ஒண்டை எடுத்து, செதில்களைக் கிட்டப் பிடிச்சுப் பாருங்க. மிளகுத்தூள் தூவினமாதிரிக் கறுப்புப் புள்ளி இருந்தா டிப்ளோடியா நுனிக்கருகல். அந்தப் பங்கசு குளிர்காலத்தைக் கூம்புக்குள்ள கழிச்சிட்டு, வசந்த மழையில இளங்குருத்துக்குத் தாவும். அதனாலதான் கூம்பு நிறையக் காய்க்கிற கிழட்டு மரத்தில கூடுதலா வருது. குருத்து நல்லாயிருந்து பழைய ஊசியில மட்டும் சிவப்பு வளையம் விழுந்து, நுனி செத்து அடி பச்சையா நிண்டா அது வேற, டொதிஸ்ட்ரோமா எண்ட ஊசிக்கருகல் நோய். அதுக்குச் செம்பு மருந்து கேட்கும்.

உங்கட மரத்துக்கு மருந்து நேரம் தவறினா தண்ணிதான். மொட்டு வீங்கி வெடிக்கப் போற நேரம் ஒருக்கா, பிறகு 10 முதல் 14 நாள் இடைவெளியில ரெண்டு தரம். குருத்து பழுப்பான பிறகு அடிக்கிறவங்கதான் கனபேர். செத்த கொப்பை ஈரமில்லாத நாளில வெட்டுங்க, ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தரியை 70 வீத அல்ககோலால துடைங்க. கோடையில வேருக்குத் தண்ணி விடுங்க, தாகத்தில நிக்கிற மரத்தைத்தான் டிப்ளோடியா முறிக்கும். ஒன்டாரியோவில 2009இல இருந்து வீட்டுத்தோட்டத்துக்கு நினைச்ச மருந்தை அடிக்க ஏலாது, அதனால மரவைத்தியர் ஒருவரைக் கூப்பிடுங்க.

தாண்டவன்வெளி: சாடியில வச்ச கிறிஸ்மஸ் மரம் கீழ்க்கொப்பில இருந்து காயுது.

அது பைன் இல்ல, அரோகேரியா எண்ட வேற மரம். இருட்டு மூலையும் தினத்தண்ணியும்தான் காரணமா இருக்கும். வெளிச்சத்துக்கு எடுங்க. விழுந்த கொப்பு திரும்ப வராது.

கல்முனை: செம்பு மருந்தை வீட்டில கலக்கலாமா சேர்? தென்னங்குருத்து அழுகலுக்கு உதவுமா?

கலக்கலாம். 10 லீற்றருக்கு மயில்துத்தம் (செப்புச் சல்பேற்று) 100 கிராம், நீத்தின சுண்ணாம்பு 100 கிராம். ரெண்டையும் அஞ்சஞ்சு லீற்றரில வேற வேறயாக் கரைச்சு, துத்தத்தைச் சுண்ணாம்புக்குள்ள ஊத்துங்க. வாளி பிளாஸ்டிக்கா இருக்கட்டும். தீட்டின இரும்புக் கத்தியை ஒரு நிமிசம் முக்குங்க. செம்பு படிஞ்சு சிவந்தா சுண்ணாம்பு காணாது, இன்னும் கொஞ்சம் போடுங்க. அண்டைக்கே அடிச்சு முடிங்க. தென்னைக்கு, அழுகின குருத்தைச் சுரண்டி எடுத்திட்டு, இதே அளவு ரெண்டையும் ஒரு லீற்றர் தண்ணியில பசையாக்கிப் பூசி, மழை இறங்காம மூடிக்கட்டுங்க. குருத்து இழுத்தா கையோட வந்து நாறுதெண்டா நாளைக்கு வைக்க வேணாம், இண்டைக்கே ஏறுங்க.