31 வயதில் திரும்பவும் கம்பஸா?

தம்பி, உங்கள் கடிதம் கிடைத்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிகமாணிப் பட்டம் முடித்து லீசிங் கம்பனியில் வேலை செய்கிறீர்கள். வயது 31. சொப்ட்வெயார் துறைக்கு மாற விருப்பம். திரும்பவும் முதலாம் வருடத்திலிருந்து படிப்பதா என்று தயக்கம், "இருக்கிற உத்தியோகத்தை விட்டிடாதே" என்று அம்மாவின் அழுகை வேறு.

வயதுப் பிரச்சினையை முதலில் முடித்துவிடுவோம். அரசாங்க வேலைக்கு வயதெல்லை உண்டு, வர்த்தமானி அறிவித்தலிலேயே போடுவார்கள். நீங்கள் போகப் பார்ப்பது தனியார் துறை. அங்கே முதலில் பார்ப்பது உங்களால் என்ன செய்ய முடியும் என்பதைத்தான். இதற்காக நித்திரை முழிக்காதீர்கள்.

என்னை யோசிக்க வைத்தது வேறு விஷயம். "திரும்பப் படிக்க வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் படித்து முடித்து எந்த நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள் என்று ஒரு வரிகூட இல்லை. சொப்ட்வெயார் என்பது ஒரு வேலை இல்லை. கோட் எழுதுபவர், அதைச் சோதித்துப் பார்க்கும் கியூஏ, வாடிக்கையாளரின் தேவையைக் கேட்டு எழுதிக் கொடுக்கும் பிஸ்னஸ் அனலிஸ்ட் என்று பலர் இருக்கிறார்கள். இந்தக் கிழமை பத்து வேலை விளம்பரங்களை எடுங்கள். கேட்கும் தகைமையைச் சிவப்புப் பேனையால் வட்டமிடுங்கள். கணினிப் பட்டம் கட்டாயமா, "அல்லது அதற்குச் சமமான அனுபவம்" என்று இருக்கிறதா, எந்தெந்த மென்பொருள் தெரிந்திருக்க வேண்டும்? லீசிங்கில் வட்டி எப்படி ஏறுகிறது, தவணை தவறினால் கணக்கு எப்படி மாறுகிறது என்பதெல்லாம் உங்களுக்கு அத்துப்படி. நிதி நிறுவனங்களுக்கு மென்பொருள் செய்பவர்களுக்கு இந்த அறிவு வேண்டும். அதனால் அனலிஸ்ட், கியூஏ பக்கம்தான் உங்களுக்குக் கிட்டிய பாதை என்பது என் எண்ணம். அதற்குப் புதிதாக ஒரு முழுப் பட்டம் தேவைப்படாமலும் போகலாம்.

பட்டம் வேண்டும் என்றே வைத்துக்கொள்வோம். உள்வாரிக் கதவு, அதாவது கம்பஸுக்குள் முழுநேரமாகப் படிக்கும் வழி, உங்களுக்குத் திறக்காது. ஏற்கெனவே அரச பல்கலைக்கழகத்தில் உள்வாரியாகப் பதிந்தவரைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு மறுபடி எடுப்பதில்லை. மிஞ்சுவது வெளியிலிருந்து படித்துச் சோதனை எழுதும் வெளிவாரியும் திறந்த பல்கலைக்கழகமும். திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் கொக்குவிலிலேயே இருக்கிறது, நேரில் போய்க் கேளுங்கள். கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கணினிக் கல்லூரி நடத்தும் பிஐடி (தகவல் தொழில்நுட்ப இளமாணி) வெளிவாரிப் பட்டத்தையும் பாருங்கள். அது எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு: முதலாம் வருடம் சித்தியடைந்தால் டிப்ளோமா, இரண்டாம் வருடம் முடித்தால் உயர் டிப்ளோமா. இடையில் குடும்பச் சூழல் மாறினாலும் வெறுங்கையோடு நிற்க மாட்டீர்கள். ஆங்கில மொழிமூலம் என்பதால் அதற்கும் இப்போதே பழகத் தொடங்குங்கள். காசு விசாரிக்கும்போது பதிவுக் கட்டணத்தோடு நிறுத்தாதீர்கள். சோதனைக் கட்டணம், சோதனை கொழும்பில் என்றால் இரவு பஸ், தங்குமிடம் எல்லாவற்றையும் கூட்டிப் பாருங்கள்.

அடுத்தது நேரம். பெரும்பாலானோர் இடையில் விடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்றால் 50 மணித்தியாலப் படிப்பு. வகுப்பு, வாசிப்பு, ஒப்படை, சோதனை எல்லாம் அதற்குள் அடக்கம். மூன்று வருடப் பட்டத்துக்குக் குறைந்தது 90 கிரெடிட், அதாவது வருடத்துக்கு 1500 மணித்தியாலம். கிழமைக்குப் பிரித்தால் ஏறக்குறைய 29. வேலையோடு அது முடியாது. வேகத்தைப் பாதியாக்கி ஆறு வருடத்தில் முடிப்பதென்றால் கிழமைக்குப் பதினான்கு, பதினைந்து வரும். ஞாயிறு ஆறு மணித்தியாலம், மற்ற ஆறு நாளும் விடிய எழும்பி ஒன்றரை என்று வைத்தால் சரிவரும். ஆனால் உங்கள் வேலையில் மாத முடிவில் டார்கெட் நெருக்கும், அந்தக் கிழமை புத்தகம் திறக்க முடியாது. அதையும் கணக்கில் எடுங்கள். காகிதத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, ஏதாவது ஓர் இலவச இணையப் பாடநெறியை எடுத்து மூன்று மாதம் அதே நேரசூசியில் படித்துப் பாருங்கள். அது பிடிபட்டால் பிறகு பதியலாம்.

அம்மாவின் பயத்தைப் பழைய காலத்துக் கதை என்று தள்ளாதீர்கள். மாதச் சம்பளத்தை நம்பித்தானே வீட்டு லோன் ஓடுகிறது. அவவிடம் "வேலையை விடவில்லை, முதல் வருட முடிவு வந்தபிறகுதான் அதைப் பற்றியே பேச்சு" என்று தெளிவாகச் சொல்லுங்கள். வருடச் செலவு இவ்வளவு, அது எந்தக் காசிலிருந்து வரும் என்பதையும் எழுதிக் காட்டுங்கள். லோன் தவணையில் கை வைக்கவில்லை என்று தெரிந்தாலே பாதிப் பயம் போய்விடும். மனைவியிடமும் தனியாகப் பேசுங்கள். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் அறைக்குள் இருந்தால் பிள்ளையைப் பார்ப்பது அவதான், அவவுக்கு உடன்பாடு இல்லாமல் எந்த நேரசூசியும் நிற்காது.

வட்டமிட்ட விளம்பரங்களையும் உங்கள் கிழமை நேரசூசியையும் எனக்கு அனுப்புங்கள். எந்தப் பாடநெறி என்பதை அவற்றைப் பார்த்துத்தான் சொல்வேன்.