நான் பேசினால் யாரும் கவனிப்பதில்லை: பதில்

சேலம் ஐந்து ரோடு பக்கம் தட்டுவடை செட் கடை முன்னால் தினமும் ஆறு பேர் நிற்கிறீர்கள், நீங்கள் வாய் திறந்ததும் எல்லோர் பார்வையும் வேறொரு நண்பரிடம் போய்விடுகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். பேச்சில் குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. "ம்" கொட்டுவது யாருக்குப் போகிறது என்று பாருங்கள்.

1955-இல் கிரீன்ஸ்பூன் என்ற அமெரிக்க உளவியலாளர், ஆட்களை வாய்க்கு வந்த சொற்களைச் சொல்லச் சொன்னார். பன்மைச் சொல் வரும்போதெல்லாம் "ம்ம்" என்றார், அவ்வளவுதான். பன்மைச் சொற்கள் பெருகின. அதே ஆண்டு வெர்பிளாங்க் என்ற இன்னொரு அமெரிக்க உளவியலாளர், சாதாரணப் பேச்சிலேயே ஆமோதித்தால் கருத்துச் சொல்வது கூடுகிறது என்றார். (1961-இல் அஸ்ரின் என்ற உளவியலாளரின் குழுவினர் வெர்பிளாங்கின் சோதனை முறையையே சந்தேகித்தார்கள், அதனால் இதை வேதவாக்காக எடுக்க வேண்டாம்.)

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறையில் நானும் இப்படித்தான் இருந்தேன். கலகலவென்று சிரிக்கும் ஒரு அண்ணன் முகத்தையே பார்த்துப் பேசுவேன். அவரோ செல்போனைத் தடவிக்கொண்டிருப்பார். மூலையில் குனிந்து கண்ணி பற்றவைத்தபடி "அப்புறம்?" என்று கேட்ட பெரியவரை நான் திரும்பிக்கூடப் பார்த்ததில்லை. பிறகு அவரைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஒரு வாரத்தில் பக்கத்தில் இருந்தவர்களும் காது கொடுத்தார்கள்.

உங்கள் ஆறு பேரில் அந்தப் பெரியவர் மாதிரி யார் என்று நாளைக்குத் தேடுங்கள். அவர் பேசும்போது நீங்களும் மறக்காமல் "ம்" கொட்டுங்கள்.